தை மாதத்து ஆடி

காலையில் மைனஸ் இருபத்திரண்டு.
பத்து மணிக்குள் பூச்சியத்தைத் தாண்டிவிட்டது.
மேற்கே, மலைகளுக்கு மேல்,
மேகம் ஒரு வளைவாய் வெட்டுண்டு
அடியில் நீலம் திறந்து கிடந்தது.
சினூக் காற்று.
கல்கரி முழுக்க ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுச் சிரித்த நேரம்
பதினேழாம் மாடியில் நான்
கையுறையைக் கழற்றி
கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன்.

வியர்த்திருந்தது.

இரவெல்லாம் சாய்ப்புச் சட்டத்தில் நின்று
குளிர் குடித்த கண்ணாடி.
மூன்று அடுக்கு, நூற்று நாற்பது கிலோ.
சூட்டுக்காற்று பட்டதும்
காய்ச்சல் விடுகிற பிள்ளையின் நெற்றிபோல
நீர் கோத்து நிற்கிறது.
ரப்பர்க் கிண்ணத்துக்கும் அதற்கும் நடுவே
இந்த ஈரம் போதும்,
பிடி என்பது வெறும் பேச்சாகிவிட.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்வி.
இடுப்புவார் பூட்டியாச்சா, நங்கூரம் இழுத்துப் பார்த்தாச்சா,
வெட்டுத் தாங்கும் கைச்சட்டை, வழிநடத்தும் கயிறு,
கீழே நடைபாதை மறித்தாச்சா.
ஆம் ஆம் ஆம் ஆம்.
காற்றின் வேகம் முப்பத்தாறு;
எங்கள் தளத்தில் நாற்பதுக்கு மேல்தான் நிறுத்தவேணும்.
அதற்கும் ஆம்.
கண்ணாடி வியர்க்குதா என்று
படிவம் கேட்கவில்லை.

"துடைச்சாப் போச்சு அக்கா," என்றான் யசீகரன்.
வானொலியில் டுவெயின்,
கிரேனின் ஒரு மணித்தியாலம் என்ன விலை என்று
இரண்டாம் தரமும் சொன்னான்.

"துடைச்சாப் போச்சு."
இதே மூன்று சொல்லை
சஸ்கடூனில் ஒருக்கால் நானும் சொல்லியிருக்கிறேன்.
இடது மணிக்கட்டில் ஏழு தையல்.
அன்றைக்கு மலிவாய்த்தான் தப்பினேன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமாம்.
இது தை. பொங்கல் முடிந்து பத்து நாள்.
ஆனாலும் கண்ணாடி என்ற சொல்லுக்குள்ளேயே
ஓர் ஆடி ஒளிந்திருக்கு.
அது எப்ப வெளியில் வரும் என்று
எந்தக் கலண்டரிலும் இல்லை.

சரி, துடை என்றேன்.
துடைத்தான்.
கைக்கிண்ணம் ஒன்றைப் பதித்து,
பம்பை அமுக்கி
சிவப்புக் கோடு உள்ளே போகுமட்டும் காற்றை இழுத்தான்.
நான் கைபேசியில் நேரம் வைத்தேன்.
ஒரு நிமிடம். இரண்டு.
கீழே யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.
மூன்றாம் நிமிடம் முடியமுன்
பம்பின் கழுத்தில்
குங்குமம் தொட்ட ஊசிபோல
ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது.

யசீகரன் பார்த்தான்.
பிறகு துணியை நாலாய் மடித்தான்.
மடிக்கத் தேவையே இல்லாத துணி.

கிரேனை அனுப்பிவிட்டேன்.
டுவெயின் சொன்னதை இங்கே எழுதேலாது.

பன்னிரண்டு மணிபோல கீழே ஒருவர்
ஒரு கையில் கோப்பி, மறு கையில் நாயின் வார்,
மஞ்சள் நாடாவைத் தலையால் தூக்கி
சுருக்குவழியால் குறுக்கே நடந்தார்.
காவல் நின்ற பெடியன் கத்திக்கொண்டு ஓடினான்.
நாய் நடுவில் நின்று
உருகிய பனியை மணந்து மணந்து பார்த்தது.
அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும்
மேலே என்ன இருந்தது?
வெறும் ஆகாயம்.
நல்ல வெயில்.

அன்றைய அறிக்கையில்
"சம்பவம்" என்ற பெட்டிக்குள் "இல்லை" என்று எழுதினேன்.
"வீணான நேரம்" என்ற பெட்டிக்குள் ஐந்தரை மணி.
இரண்டாவதைத்தான் அலுவலகம் வாசித்தது.

வியாழன் திரும்பவும் குளிர் இறுகியது.
கண்ணாடி எலும்புபோலக் காய்ந்திருந்தது.
பத்து நிமிடம் வைத்துப் பார்த்தோம், சிவப்பு வரவில்லை.
பின்னேரத்துக்குள் ஒன்பது யன்னல்.
டுவெயின் இன்னும் என்னோடு கதைப்பதில்லை;
வானொலியில் மட்டும் "கொப்பி" என்கிறான்.

ஒன்றை மறந்துபோனேன்.
தெற்குப் பக்கம், இடமிருந்து நாலாவது யன்னல்,
வெளிப்புறம்,
அன்று தொட்டுப் பார்த்த என் விரலடையாளம்.
கயிற்றில் தொங்கித் துடைக்க வாறவன்
கோடையில் வருவான்.
அதுமட்டும்
உள்ளே குடிவரப்போகிற ஆர்வரோ
காலை வெளிச்சத்தில் அதைப் பார்த்து
உள்ளிருந்து தேய் தேய் என்று தேய்க்கட்டும்.